ஏர் பிடித்த லாரி

செல்ஃப் மோட்டாரின் கனத்த முனகல் முதலில் கேட்கும். அது இழுத்து இழுத்து மெலிந்து ஓயும். எப்படியோ எஞ்சின் பற்றிக்கொண்டுவிட்டால் வண்டி முழுக்க உதறி, கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகையை எங்கள் ஜன்னலுக்குள் தள்ளிவிட்டு மறுபடியும் அணைந்துபோகும். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் பல நாட்கள் இப்படித்தான் விடிந்தன.

அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டினால் காலி மனைகள்தான். வீட்டை ஒட்டிய மனையில் அந்தப் பழைய லாரி நிற்கும். அப்பாவும் அவருடைய தம்பி சேகர் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கியது. அப்பா சென்னை லோடு போவார். சித்தப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிவந்து டவுன் மண்டியில் இறக்குவார். சித்தப்பாவும் சித்தியும் எங்களோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். எனக்குத் தலை பின்னிவிடுவது சித்திதான்.

வண்டிக்கு வந்த நோய்க்குப் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: "ஏர் புடிச்சிக்கிச்சி." டீசல் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போகாது. ஃபில்டர் மேலிருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கைபம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சோப்பு நுரை மாதிரி கொப்பளித்து வரும், நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் போல்ட்டை இறுக்கி, செல்ஃப் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் வண்டி ஓடும். ஆனால் அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மெக்கானிக் வந்து ஃபில்டரை மாற்றினார், வாஷர்களை மாற்றினார், நாசிலைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்தார். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை. இரண்டு நாள் நன்றாக ஓடும். இனிமேல் தொல்லை இல்லை என்று அம்மா பெருமூச்சு விடுவதற்குள் மூன்றாம் நாள் அதே முனகல். அப்பா பானட்டில் ஓங்கி ஒரு குத்து விடுவார். அது அவருடைய கைக்குத்தான் வலிக்கும்.

அப்பாவின் கண்ணில் வேறு ஒன்று பட்டது. அவர் சென்னை போய்வரும் நாட்களில் வண்டி மக்கர் செய்வதில்லை. சித்தப்பா ஓட்டிய மறுநாள்தான் இந்தத் தகராறு. இதை அவர் முதலில் அம்மாவிடம் முணுமுணுத்தார். பிறகு சித்தப்பாவின் காதில் விழும்படியே சொல்ல ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையில் அது வெடித்தது. மல்லாட்டை லோடோடு வந்த சித்தப்பா வழியில் வண்டி அணைந்து மாட்டிக்கொண்டார். மழைக்குள் நின்று கைபம்பை அடித்து அடித்து அவருடைய உள்ளங்கை தோலுரிந்திருந்தது. தார்ப்பாயின் ஓரத்தைக் காற்று கிளப்பியதில் மூட்டைகள் நனைந்துபோயின. மண்டிக்காரர் இனி உங்கள் வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தபோது அப்பா தலையைத் துவட்டக்கூட விடவில்லை.

"டீசல வித்துட்டு கிருஷ்ணாயில் கலந்து ஊத்தினா வண்டி எப்பிட்றா ஓடும்?"

சித்தி கையில் துண்டோடு அப்படியே நின்றாள். 

"என்னைப் பாத்தாண்ணா கேக்குற?"

"வேற யார கேக்கறது? நான் ஓட்டும்போது நல்லாத்தான ஓடுது!"

மறுநாள் காலையில் சித்தப்பா வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சித்தியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்கு, போளூருக்குப் போய்விட்டார். அன்று அம்மா அவசர அவசரமாகப் பின்னிவிட்ட கோணல் சடையோடு நான் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது: லாரி ஒழுங்காக ஓடியது! இனி டீசல் விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை என்று அப்பா தானே பெட்ரோல் பங்கில் நின்று, தினமும் டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு வந்தார். காலையில் தொட்டதும் வண்டி கிளம்பியது. "பாத்தியா?" என்று அம்மாவிடம் வெற்றியோடு கேட்பார். 

ஒருநாள் பங்கில் டீசல் இல்லை. டேங்கில் கால்வாசிதான் மிச்சம். வண்டியை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் காலை, செல்ஃப் முனகியது. வெள்ளைப் புகை வந்தது. வண்டி உதறி அணைந்தது.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

"இப்ப யாருங்க கிருஷ்ணாயில் ஊத்தனது?"

 அப்பா அதே டேங்கிலிருந்து டீசலை ஒரு கேனில் பிடித்து, கேபினுக்கு மேலே கட்டி, அங்கிருந்து நேராகப் பம்புக்கு ஒரு டியூப் போட்டார். காற்றை வெளியேற்றிவிட்டு செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தி நிறுத்தி மறுபடி அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சட்டென்று பிடித்தது. டீசலில் குற்றமில்லை. பம்பிலும் இல்லை. டேங்குக்குள் நீண்டிருந்து டீசலை உறிஞ்சும் இரும்புக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் நடுவில் நகம்கூட நுழையாத ஒரு வெடிப்பு இருந்தது. டேங்க் நிறைந்திருந்தால் வெடிப்பு டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும். டீசல் பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். சென்னைக்குப் போகும் அப்பா எப்போதும் டேங்க்கை நிரப்புவார். உள்ளூரில் ஓட்டும் சித்தப்பா அன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுவார். விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குழாயை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு போளூருக்குப் பஸ் ஏறினார். சித்தியைக் கூட்டிவரப் போகிறோம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாண்ணா. இதான் ஏர் வாங்கியிருக்குது. மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். இப்ப நல்லா ஓடுது." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாடா போலாம். வண்டி உன்னுதும்தான்."

"வண்டில கோளாறு இருந்துச்சி, கண்டுபுடிச்சிட்டே. நான் கோளாறுன்னு நீ சொன்னப்ப, ஒருவாட்டிகூட யோசிக்கலியேண்ணா?"

சித்தி எங்களுக்குச் சோறு போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும்தான் திரும்பி வந்தோம்.

அந்த லாரியை அடுத்த கோடையில் விற்றுவிட்டார்கள். அது நின்ற மனையில் இப்போது மாடி வீடு எழும்பியிருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் பகையாளிகள் இல்லை; கல்யாணங்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் ரோடு அகலமானதைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். சித்தப்பாவின் மகள் போளூரிலேயே பிறந்து வளர்ந்தவள். போன மாதம் ஒரு வளைகாப்பில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். எங்கள் பக்கத்தில் சொந்த அக்காவை "வாக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். "வாங்கக்கா" என்பது அடுத்த வீட்டு அக்காவுக்கு.