அடைக்கலம் கொண்டுவந்த கார்டு

போன வருஷம் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கேம் ஆடுவதற்கென்றே ஒவ்வொரு சாமானாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி அது. ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கறம்பக்குடியில் பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். "என்ன சார் அது, மிக்ஸியா?" என்று கேட்டார் கண்டக்டர். நாற்பதை நெருங்குகிற ஆள், கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன சார் உள்ள ஒரே செவப்பா இருக்கு?" என்று விரலில் ஒட்டியதை முகர்ந்து வேறு பார்த்தார். குங்குமம்.

அது பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூஜையன்று உள்ளே போன குங்குமம். அரிவாள், மண்வெட்டி, அப்பாவின் சைக்கிள் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அம்மா, கம்ப்யூட்டரையும் விடவில்லை. முன்பக்கம் காற்றுக்காக வட்டமாக இருந்த ஓட்டைகளில் தாராளமாக அப்பிவிட்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் நான் ஆன் செய்ததும், விசிறி அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. "அம்புட்டுப் பெரிய சாமான்ல பொட்டு வைக்க வேற எடமே இல்லடா. அந்த வட்டந்தான் நெத்தி மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மா. நானும் அடைக்கலமும் பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அரை நாள் தட்டினோம். முழுசாகப் போகவில்லை. ஆனாலும் ஓடியது.

அடைக்கலம் என் மாமா மகன், என் வயதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. இடது பாதி அவனுக்கு, வலது பாதி எனக்கு. கார் ரேஸில் வளைவு வந்தால் அவன் உடம்பும் சேர்ந்து வளைந்து என்னைச் சுவரோடு நசுக்கும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் என் கையைத் தட்டிவிடுவான். கேட்டால், "கை வழுக்கிருச்சு மாப்ள" என்பான். திரீ பேஸ் கரண்ட் வந்து ஊரே வயல் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கிக் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். அப்போதும் தான்தான் ஜெயித்திருந்ததாகச் சாதிப்பான். அப்படி ஒரு கள்ளாட்டக்காரனை நான் பார்த்ததே இல்லை. அவன் இல்லாமல் ஆடவும் பிடிக்காது.

பிறகு அவன் துபாய்க்குப் போனான். முதல் லீவில் வந்தபோது, நான்கைந்து கைலிகளுக்கு நடுவே பொத்திப் பொத்தி ஒரு கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்தான். "இனிமே எந்த கேமும் ஓடும் மாப்ள!" பெற்றவளுக்கு ஒரு சேலை எடுத்து வரவில்லையே என்று அத்தை என்னோடுதான் ரொம்ப நாள் பேசவில்லை. அதற்கடுத்த லீவுகளில் அவனுக்குக் கல்யாணம், வீடு கட்டுவது, பிள்ளைக்குக் காதுகுத்து. வந்து உட்கார நேரம் ஏது? அடுத்த லீவில் ஆடலாம், அதற்கடுத்த லீவில் ஆடலாம் என்றுதான் அந்தப் பெட்டியைக் காப்பாற்றி வந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, வேறு காரணமே கிடையாது.

இப்போது போயிருந்தது அந்தக் கார்டுதான்.

"புதுக் கார்டு போட்டா பவர் சப்ளை தாங்காது சார். அத மாத்தலாம்னா போர்டு பழசு. போர்ட மாத்துனா பிராசசர் உக்காராது. பேசாம புதுசாவே எடுத்துருங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் விட மனசு வரவில்லை. அங்கேயே நின்று அடைக்கலத்துக்கு போன் போட்டேன்.

"மச்சான், நீ கொண்டாந்த கார்டு போயிருச்சுடா. வேற கார்டு போட்டுப் பாக்கவா, மொத்தமா மாத்திரவா?"

"அது இன்னுமா ஓடுச்சு?" என்று சிரித்தான். "மாத்திரு மாப்ள. அடுத்த மாசம் நானும் வாரேன்."

வாரேன் என்றானே, அது போதாதா? புதிதாகவே வாங்கினேன். ஆளுக்கொன்றாக இரண்டு கன்ட்ரோலர் வேறு. பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சொன்னபடியே வந்தான். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கன்ட்ரோலரைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ரேஸ் ஆரம்பித்தது. என் கார் மட்டும் கிளம்பியது.

"என்னடா, அமுக்கு!"

"நீ ஆடு மாப்ள. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

துபாயில் அவனுக்கு ஒரு பெரிய கட்டடத்தின் கேமரா ரூமில் வேலை. நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து வரிசையாக இருக்கும் திரைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். கொடுத்துவைத்தவன் என்று நாங்களெல்லாம் பேசிக்கொண்ட வேலை.

"அந்தா, அங்கிட்டு மூலையில ஒருத்தன் நிக்கிறான் பாரு" என்றான் திடீரென்று. ரேஸை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒரு பொம்மை ஆள். அடைக்கலத்தின் கண் ரோட்டிலேயே இல்லை. ஒரு மூலை, அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று போய்க்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே சுற்றி வந்து, நின்றுகொண்டிருந்த அவன் காரை இடித்தேன். திரும்பவும் இடித்தேன். ரோஷம் வரும், திட்டுவான் என்று பார்த்தேன். வரவில்லை. நான் ஜெயித்தேன்.

"நல்லா ஆடுற மாப்ள" என்றான்.

என்னை ஏமாற்றி ஜெயித்துக்கொண்டிருந்த அடைக்கலம் எங்கே போனான் என்று இவனிடமே எப்படிக் கேட்பது? அவன் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு ரேஸ் போட்டேன்.