எழுபது வளைவு ஓட்டுகிறவன் அயுத்தயாவில் கேரியரில் உட்கார்ந்தேன்

இந்த வருடம் எங்கள் தோட்டத்து மிளகு நல்ல விலைக்குப் போனது. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் கவிதாவை ஊட்டிக்குக்கூடக் கூட்டிப் போகாதவன் நான். அந்தப் பாவத்தைக் கழுவ, பிப்ரவரியில் தாய்லாந்துக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். எனக்குக் கொல்லிமலை வாசலூர்பட்டி. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுவது தொழில். கவிதா அடிவாரம் காரவள்ளிக்காரி. முதல் வளைவில் கண்ணை மூடினால் எழுபதாவதில்தான் திறப்பாள்.

பழைய தலைநகரமான அயுத்தயா, பாங்காக்கிலிருந்து எண்பது கிலோமீட்டர். பாசஞ்சர் ரயிலில் ஆளுக்கு இருபது பாட், இரண்டு மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரே படகில் ஆற்றைக் கடந்தால் கோயில்கள் இருக்கும் பக்கம். நான் ஆட்டோ பேசத் திரும்பினால், இவள் வாடகை சைக்கிள் கடை முன்னால் நிற்கிறாள்!

"ஏனுங்க, பிளஸ் ஒன்ல கவர்மெண்ட்டு குடுத்த சைக்கிள எங்கூட்டுல உட்டுட்டு உங்ககூட மலையேறுனேன். அப்பறம் ஒரு மிதி மிதிக்கலீங்க. இங்க ஊரே சமமாக் கெடக்குது பாருங்க."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே கவிதா!"

உண்மைதான். எங்கள் மேட்டில் சைக்கிளைத் தள்ளத்தான் முடியும், யார் பழகுவது?

"கேரியர் எதுக்கு இருக்குது? ஏறி உக்காருங்க."

ஐம்பது பாட் வாடகைக்கு ஒரே சைக்கிள். கடைக்காரம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மானம் போனாலும் சொல்கிறேன், அடடா, என்ன ஊர் அது! மகாதாத் கோயிலில் ஆலமரத்து வேர்களுக்கு நடுவே புத்தர் தலை மட்டும் தெரிகிறது. அதன் முன் உட்கார்ந்துதான் போட்டோ எடுக்க வேண்டும், தலைக்கு மேலே நம் தலை போகக் கூடாது. பர்மியப் படை எரித்துவிட்டுப் போன நகரம். வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். அவர்களுக்கும் யாரோ மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள்.

கவிதா பார்த்தே ஆக வேண்டும் என்றது ஆற்றின் அக்கரையில் இருக்கும் சைவத்தனராம் கோயில். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்றார்கள். பாலம் வரும்போது ஐந்தைத் தாண்டிவிட்டது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். இறக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு பிரேக்கே பிடிக்காமல் விட்டாள் பாருங்கள்! பக்கத்தில் லாரி. நான் கண்ணை இறுக்கி மூடி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க சாமி, ஒண்ணும் ஆவாது!"

பதினைந்து வருடமாக ஜீப்பில் நான் அவளிடம் சொல்வது அது.

கேட்டுக்குள் நுழைந்தபோது செங்கல் கோபுரங்கள் மேல் மாலை வெயில் விழுந்திருந்தது. கவிதா வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். சைக்கிள் தெரியாதவர்கள், தெரிந்தவரைக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஊர் திரும்பும் வழியில் காரவள்ளியில் மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய சைக்கிளை எடுத்து ஜீப் மேலே கட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கயிறு அவுந்துக்கப் போவுது, மெதுவாப் போங்க" என்று மேலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுபது வளைவிலும் கவிதா கண்ணை மூடவே இல்லை.