நாற்பத்தெட்டு வால்வுகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சுரேகா தரப் பரிசோதகர். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிப் பருத்திப்பட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. எந்தக் கப்பலிலும் அவள் ஏறியதில்லை. ஆனாலும் மூன்று வருடமாக அவள் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு போர்க்கப்பல்தான்.

கடற்படைக்குப் புதுக் கப்பல்கள் வரிசையாகக் கட்டப்போகிறார்கள், சாமான்களை வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே செய்யப்போகிறார்கள் என்றதும் முதலாளி தமிழ்வாணன் ஓடிப்போய் ஓர் ஆர்டர் பிடித்தார். தீயணைப்புக் குழாய்களில் கடல்நீரைத் திறந்து மூடும் வெண்கல வால்வுகள், நாற்பத்தெட்டு. வார்த்து, கடைந்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்தார்கள். ஒன்றில்கூடச் சொட்டுக் கசியவில்லை.

அனுப்ப வேண்டிய வாரத்தில் கப்பல் கட்டும் தளத்திலிருந்து மெயிலில் புது டிராயிங் வந்தது. கப்பலின் எடை கூடிவிட்டதாம். வால்வைக் குழாயோடு சேர்க்கும் வட்ட விளிம்பின் கனம் இருபத்திரண்டு மில்லிமீட்டரிலிருந்து பதினெட்டாகக் குறைய வேண்டுமாம். ஒப்புதல் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. சுரேகா அதைச் சுட்டிக்காட்டினாள். கையெழுத்து பின்னாலேயே வரும், அவசரம், வேலையை ஆரம்பி என்றார் தமிழ்வாணன். லேத் ஓட்டும் பரந்தாமன் இரண்டு வாரத்தில் அத்தனை விளிம்புகளையும் சீவி முடித்தார்.

கையெழுத்து வரவே இல்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம்தான் வந்தது. கடலில் குண்டு வெடித்தால் வரும் அதிர்வைப் பதினெட்டு மில்லிமீட்டர் தாங்காது, பழைய கனமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். சீவிய வெண்கலத்தை யார் ஒட்டவைப்பது? நல்ல வால்வுகள் நாற்பத்தெட்டிலும் சுரேகாவே கழிவு என்று சிவப்பு அட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அதைவிட வலித்தது அடுத்த நாள் நடந்தது. தளத்து அதிகாரிகளுடன் வீடியோவில் பேச்சு. கையெழுத்தில்லாத டிராயிங்கை வைத்து எப்படி வேலை செய்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பக்கத்தில் சுரேகா உட்கார்ந்திருக்கும்போதே, எங்கள் தரப் பரிசோதனையில் கவனக்குறைவு என்று தமிழ்வாணன் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் பரந்தாமன் அவள் மேசைக்கு வந்தார். நூம்பலில் பயிர் வைத்திருந்த குடும்பத்து ஆள், அதிகம் பேசாதவர்.

"நீங்க அன்னிக்கே சொன்னது என் காதுல வுழுந்துச்சு மேடம். என்னை ஆரு கேக்கறாங்க? கேட்டா சொல்லியிருப்பேன்."

"நீங்களா போய்ச் சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள் சுரேகா. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவரிடம் போய்க் கோபத்தைக் காட்டினோமே என்று அதற்கும் வருந்தினாள்.

மறுபடி வார்த்தார்கள், கடைந்தார்கள். விளிம்பில் போல்ட் துளை போடும் கட்டத்தில் இன்னொரு டிராயிங் வந்தது. துளை பதினாறு இல்லை, பதினெட்டு மில்லிமீட்டர். கையெழுத்துக் கட்டம் இந்த முறையும் காலி.

அவளுடைய முத்திரை விழாமல் எந்தத் துண்டும் அடுத்த மிஷினுக்குப் போகக்கூடாது என்பது கம்பெனி விதி. அன்று மாலை முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆவடி ரயிலேறினாள். காலையில் தமிழ்வாணன் அவளைக் கூப்பிட்டார்.

"கப்பலே நமக்காக நிக்குது சுரேகா."

"நிக்கட்டும் சார். கையெழுத்து வரட்டும். அவசரம்னா நீங்களே எழுதிக் கொடுங்க, ஆரம்பிக்கிறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்து மூன்று நாள் அவளோடு பேசவும் இல்லை. தளத்துக்கு அவள் தினமும் போன் செய்தாள். ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார், இன்னொருவர் மாற்றலில் போய்விட்டார். கடைசியில் கையெழுத்தோடு டிராயிங் வந்தபோது அதில் துளை பழையபடி பதினாறாகவே இருந்தது. பதினெட்டில் துளைத்திருந்தால் இரண்டாவது தடவையும் எல்லாம் வீண். தமிழ்வாணன் அதைப் பார்த்தார். "சரி, ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

வால்வுகள் தேறின, லாரி ஏறின. அந்த வாரமே தளத்திலிருந்து கடிதம்: இருபத்து மூன்று நாள் தாமதம் சப்ளையரால் ஏற்பட்டது, ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும். யாருக்கு எப்போது போன் செய்தோம் என்று தேதிவாரியாகப் பதில் எழுதிக்கொண்டு போனாள் சுரேகா. தமிழ்வாணன் அதைப் படித்தார். அடுத்த இரண்டு கப்பலுக்கும் ஆர்டர் வரவேண்டியிருக்கிறது, இப்போது சண்டை வேண்டாம் என்றார். கடிதத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"நான் போட மாட்டேன் சார்" என்றாள்.

அவரே போட்டார்.

அடுத்த மாதம் தொண்ணூற்றாறு வால்வுகளுக்கு ஆர்டர் வந்தது. டிராயிங்கைப் படித்துவிட்டுப் பதினான்கு சந்தேகங்களை வரிசையாக எழுதித் தளத்துக்கு அனுப்பினாள். இதுவரை இரண்டுக்குத்தான் பதில் வந்திருக்கிறது.