கொசுவலைக்குப் பின்னால் ஒரு மலை

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருக் குடிலின் பின்னணி மலையை நான்தான் வரைந்தேன். வழக்கமாகப் பிளெக்ஸ் அடித்து மாட்டிவிடுவார்கள். பனி மூடிய ஏதோ வெளிநாட்டு மலை இருக்கும், அதன் மூலையில் வாழ்த்துவோரின் சிரித்த முகங்கள் இருக்கும். "பெத்லகேமுக்கு எங்கருந்துடே இவ்வளவு ஐஸ்?" என்று வருஷா வருஷம் கேட்பேன். குடில் வேலைக்கெல்லாம் தலைமை என் சித்தி மகன். என் வயசுதான் அவனுக்கும். இந்த முறை அவன் பொறுமை இழந்து, "அப்ப நீயே வரையேன்" என்று சொல்லிவிட்டான். இதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!

கோட்டாற்றில் காடாத்துணி வாங்கி, சட்டமடித்து, மொட்டைமாடியில் வைத்துக் குனிந்தவள் விடுமுறை நாள்களிலெல்லாம் நிமிரவில்லை. முன்னால் ஒரு மலை, அதன் பின்னால் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கள் ஊர் வேளிமலையின் சாயலில் ஒன்று. அதில் பாறை, ரப்பர் மரம், அருவி, ஆட்டுக்கூட்டம். அருவியடியில் தண்ணீர் குடிக்கிற மான்கூட உண்டு. எதையும் விட மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் துணியைக் கம்புகளில் கட்டி விளக்கைப் போட்டோம். மலை மலையாகவே இல்லை, சுவராக நின்றது. தொழுவம், பொம்மைகள், மலை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றான் சித்தி மகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நேரா சொல்லுலே."

"மரியாளுக்குத் தலைக்கு மேல ஷவர் வச்ச மாதிரி இருக்குட்டி."

உண்மைதான். என் அருவி நேராக அவள் முக்காட்டில் விழுந்துகொண்டிருந்தது.

அவன் வண்டியிலிருந்து சுருட்டிய பிளெக்ஸ் ஒன்றை எடுத்துவந்து ஓரமாகச் சாய்த்தான். "சும்மா ஒரு சேப்டிக்கு அடிச்சேன். கேரல் பாட்டுக்காரங்க ஏழு மணிக்கு வந்துருவாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா இதை மேல மாட்டிருவோம். கோவப்படாத, கேட்டியா?"

தூரிகையை எடுத்து இன்னும் தெளிவாக்கத் தொடங்கினேன். பாறைக்குக் கறுப்புக் கோடு, இலைக்கு இலை வெளிச்சம். ஒவ்வொரு கோட்டுக்கும் மலை ஓரடி பக்கத்தில் வந்தது. அப்போது பார்த்துத்தானா அவன் முன்பு ஒருநாள் நான் எழுதுகிற கதைகளைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வர வேண்டும்? "உன் கதைல அழுதவ எதுக்கு அழுதா, எப்பிடி அழுதா, அப்புறம் மூக்கச் சிந்துனாளான்னு வரைக்கும் நீயே சொல்லிப்போடுத. எனக்கு அழ எடமே இல்லியேட்டி!" புத்தகமே படிக்காதவன் பேச்சு என்று அன்றைக்குத் தள்ளிவிட்டேன். இன்றைக்கு அது வேறு சேர்ந்து குத்தியது.

அந்த நேரத்தில்தான் கோழிகள் வந்தன.

குடிலுக்குள் புல்தரை வேண்டுமென்று தட்டுகளில் கேழ்வரகை முளைக்க வைப்போம். விரலளவுக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் துணிக்கு அடியில் இருந்த சந்து வழியாகப் புகுந்து அதை மேய ஆரம்பித்தன. விரட்டினால் ஓடும், திரும்பினால் வந்து நிற்கும். அக்கா ஒரு பழைய வெள்ளைக் கொசுவலையோடு ஓடிவந்தாள். அவர்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாங்கள் போவோம், எங்கள் குடிலுக்கு அவள் வீடே திரண்டு வரும். "எனக்க கோழி செஞ்ச வேலைக்கு எனக்க வலையே காவல் இருக்கட்டும்," என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, மலைத்துணிக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் வலையைத் தரைவரை இழுத்துக் கட்டினோம்.

சித்தி மகன் சுவிட்சைப் போட்டான்.

மலை போய்விட்டது. எங்கேயோ தூரமாய்ப் போய்விட்டது! கைநீட்டினால் தொடும் துணி, ஆனால் நடந்தால் பொழுது சாய்ந்துவிடும் தூரம். மான் இல்லை, ஆடுகள் இல்லை, அருவி ஒரு வெளுத்த மூச்சாகிவிட்டது. கடைசி மலை இருக்கிறதா, இருப்பதாக நாம் நினைக்கிறோமா என்றே சொல்ல முடியவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது. வலை லேசாக அசைந்தது. மலைமேல் மூடுபனி நகர்ந்தது.

"ஐயோ, மானக் காணோமே!" என்று பதறினாள் அக்கா. "கஷ்டப்பட்டு வரைஞ்சியே மக்கா. கழட்டிருவமா?"

"தொடாதீங்க!" நானும் அவனும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அக்கா சிரித்தாள். "அதுஞ்செரிதான். கோயில் கருவறைல டியூப்லைட்டப் போட்டா யாரு கழுத்த நீட்டி எட்டிப் பாப்பா?"

மார்கழிக் காலையில் பஸ் ஜன்னல் வழியாக வேளிமலையைப் பார்த்தபடிதான் கல்லூரிக்குப் போய் வந்தேன். அதில் ஒரு மரத்தைக்கூட நான் தனியாகக் கண்டதில்லை. மஞ்சுப் பனிக்குள் பாதி தெரியாமல் நின்றதால்தான் தினமும் பார்த்தேன். வரைய உட்கார்ந்ததும், பார்த்ததை விட்டுவிட்டு, மலையில் என்னென்ன இருக்குமென்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறேன். என் கதைகளில் மூக்கைச் சிந்துகிறவள் வந்ததும் அப்படித்தான்.

அதற்குள் அவன் ஓடிப்போய்த் தன் வீட்டு வலையையும் உருவி வந்துவிட்டான். "அம்மா இன்னைக்கு ஒருநாள் கொசுக்கடி படட்டும்." அதை மடித்துப் பாதி உயரத்துக்குக் கட்டினோம். மலையடிவாரம் மொத்தமும் கரைந்துபோய், முகடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன.

தூறல் விழுந்தது. சித்தி மகன் பிளெக்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதை விரித்துக் குடிலின் கூரைமேல் போட்டு நான்கு மூலையிலும் கட்டினான். பனிமலையும் சிரித்த முகங்களும் வானத்தைப் பார்த்தபடி நனைந்தன.

பாட்டுக்காரர்களுக்கு முன்னால் வந்தது, இராஜாக்கமங்கலத்திலிருந்து எங்கள் தெருவுக்குச் சாயங்கால மீன் கொண்டுவருகிற அக்கா. காலிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். வழக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அன்றைக்கு நகரவில்லை.

"மக்ளே," என்றாள் மெதுவாக, "அந்தக் கடேசி மலைல யாரோ எறங்கி வாறாப்ல இருக்கே?"

அந்த மலையில் நான் ஒரு ஆளையும் வரையவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, நானும் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.