கோடு விழாத கட்டைவிரல்

டிரில் டீச்சராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அறுபதுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். தண்டவாளத்துக்கு மேற்கே பள்ளி, கிழக்கே கடலோரமாகக் குப்பம். நான் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். வேலை தற்காலிகம்தான். ஒரு கோப்பையாவது வாங்கிக் கொடுத்தால் நிரந்தரமாக்கப் பார்க்கலாம் என்று பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். எனக்கு வாய்த் துடுக்கு, கோபம் மூக்கு நுனியில். யாராவது முடியாது என்றால் முடித்துக் காட்டினால்தான் தூக்கம் வரும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் ஒரு பெண் மைதானத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாளாம். அவள் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் கத்தியிருக்கிறார். அதிலிருந்து பெரிய டீச்சர் ஒரு சம்மதச் சீட்டு அச்சடித்து வைத்துவிட்டார். அதில் இருந்தது இதுதான்: பள்ளி விட்ட பிறகு விளையாட்டுப் பயிற்சிக்கு இருக்க என் மகளுக்குச் சம்மதம் தருகிறேன். பயிற்சியிலோ வீடு திரும்பும் வழியிலோ என்ன நேர்ந்தாலும் பள்ளிக்கூடம் பொறுப்பல்ல. கீழே தாய் அல்லது தகப்பன் கையெழுத்து, இல்லாவிட்டால் பெருவிரல் ரேகை. சீட்டு இல்லாத பெண் நாலு மணிக்கு மேல் மைதானத்தில் நிற்கக் கூடாது.

ரயில்வே ஆட்கள், மில் ஆட்கள் வீட்டுச் சீட்டெல்லாம் மறுநாளே கையெழுத்தோடு வந்துவிடும். குப்பத்துச் சீட்டுதான் வராது. அப்பா கடலில் இருப்பார், அம்மா மார்க்கெட்டில் இருப்பார். பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் சீட்டு அடுப்புக்குப் போய்விடும். அதனால் காலையில் சீக்கிரமே வந்து, ஸ்டாம்பு பேடைக் கையில் எடுத்துக்கொண்டு நானே கரைக்குப் போவேன். கட்டுமரங்கள் கரையேறி, மணலில் மீனைக் கொட்டி ஏலம் விடுகிற நேரம். அந்தச் சந்தடியில் ஒவ்வொரு அம்மாவாகத் தேடிப் பிடித்து விரலை வாங்க வேண்டும்.

வாங்கினாலும் விழாது. உப்புத் தண்ணியிலும் ஐஸிலும் ஊறி, சாம்பல் போட்டு மீனைத் தேய்த்துத் தேய்த்து, அந்தக் கைகளில் ரேகையே தேய்ந்து போயிருக்கும். எத்தனை தடவை அழுத்தினாலும் கறுப்பாக ஒரு திட்டுதான் விழும். பெரிய டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மை கொட்டின மாதிரி? கோடு தெரியணும். நாளைக்கு ஒண்ணுன்னா இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று என்னிடம் திருப்பித் தருவார்.

ஒரு நாள் ஓர் அம்மா மூணு முறை அழுத்தியும் விழவில்லை. அதற்குள் ஏலக்காரர் கூப்பிட, "நீயே பாத்துக்கோ டீச்சர்" என்று ஓடிவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன், விளையாட்டுச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன், புதுச் சீட்டு ஒன்று எடுத்து என் கட்டைவிரலை வைத்தேன். அழகாக விழுந்தது. சம்மதம் சொன்னவர்தானே, விரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, "இப்படி இருக்கணும்" என்றார். அந்த வருஷம் குப்பத்துச் சீட்டுகளில் ஏழெட்டு அப்படித்தான் ஆனது. ஏழெட்டு அம்மாக்களுக்கும் ஒரே விரல். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு குப்பத்துப் பெண். ஒல்லி, எண்ணெய் காணாத தலை, பேச்சு குறைவு. ஒரு நாள் டிரில் வகுப்பில் சும்மா தாண்டச் சொன்னேன். மணல் குழியின் பாதிக்கு மேல் போய் விழுந்தாள். பெரிய வகுப்புப் பெண்கள் யாரும் அந்த வருஷம் அத்தனை தூரம் தாண்டவில்லை. எனக்குக் கை காலெல்லாம் பரபரத்தது. கோப்பை வந்துவிட்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதும் நிஜம். இரண்டில் எது முன்னால் நின்றது என்று கேட்டால், கோப்பைதான்.

மறுநாள் காலையில் கரைக்குப் போனேன். அவள் அம்மா கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். சீட்டைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"வேணாம் டீச்சர்" என்றார்.

"ஏம்மா?"

"நாலு மணிக்குன்னா பசங்கோ எல்லாம் ஒண்ணா வர்துங்கோ. ஆறு மணிக்கு இது மட்டும் ஒண்டியா வரணும். கூட்ஸ் நின்னுகினு கீது. எப்போ பொறப்படும்னு எவனுக்குத் தெரியும்? கீய பூந்துதான் வரணும்."

"கேட் வழியா சுத்தி வரச் சொல்றேன்மா."

"நீ சொல்லுவே, அது கேக்குமா? நானே கேக்கறதில்ல. கூடையோட நானே பூந்துதான் வர்றேன்."

உண்மைதான். ஹார்பருக்குப் போகிற கூட்ஸ் வண்டிகள் சிக்னலுக்காக மணிக்கணக்கில் நிற்கும். கேட் அரை மைல் தள்ளி. மொத்தக் குப்பமும் வண்டிக்கு அடியில் குனிந்துதான் போய் வந்துகொண்டிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உன் பொண்ணு மாதிரி தாண்டறவ இந்தப் பக்கத்துலயே கிடையாது. அவளையும் கூடை தூக்க வைக்கப்போறியா?" என்றேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். டீச்சர் என்ற திமிரில் நீ, வா, போ என்றுதான் பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. "கூட தூக்கினா இன்னா டீச்சர், நான் தூக்கல? பகல்ல ஓடட்டும், குதிக்கட்டும். நான் இன்னா வேணான்றனா? சாய்ங்காலம் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்தார். கூடையைத் தூக்கிவிட ஆள் இல்லாமல் என்னைப் பார்த்தார். நான்தான் தூக்கிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சாமான் அறையில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே அந்தச் சீட்டில் என் விரலை வைத்தேன். அதற்கு முன் வைத்ததெல்லாம் சரி என்றவர்களுக்காக. இது வேண்டாம் என்றவருக்காக. வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஜெயித்துக் கோப்பையோடு வந்தால் அந்த அம்மாவே சிரிப்பார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "சாயந்திரம் இரு. அம்மாகிட்ட பேசிட்டேன்" என்றேன்.

"ஒத்துகினாங்களா டீச்சர்?"

"ம்."

முகமெல்லாம் பல்லாக நின்றாள். "வீட்ல இதப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காதே, அம்மா மனசு மாறிடும்" என்றும் சொல்லி வைத்தேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகும். அப்பா லாஞ்சியில், அதாவது விசைப்படகில், கடலுக்குப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். ஆறு வயசுத் தங்கை ஒருத்தி, பக்கத்து வீட்டில் இருப்பாள். கேட்க ஆளில்லை என்பதையும் கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

பதினொரு நாள் பயிற்சிக்கு நின்றாள். தினமும், "கேட் வழியா போ" என்பேன். "ஆங் டீச்சர்" என்பாள். பன்னிரண்டாம் நாள் தூறல். கார்த்திகை மாசம், சீக்கிரம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று தாண்ட வைத்தேன். பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நான் பஸ்ஸுக்கு வந்து நின்றேன். கூட்ஸ் வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் எப்போதும் கேட்கிற சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தண்டவாளத்துப் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். பையை முன்னால் தள்ளிவிட்டு அடியில் புகுந்திருக்கிறாள். பை மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

நாலாம் நாள் அவள் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சண்டை போட வரவில்லை. அந்த நேரத்தில் அவள் ஏன் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்று கேட்கத்தான் வந்தார்கள். பெரிய டீச்சர் பீரோவைத் திறந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் வெக்கலியே" என்றார் அந்த அம்மா. "வேணாம்னுதானே சொன்னேன்."

"கோடு கோடா எவ்ளோ தெளிவா இருக்கு பாரும்மா. இது பொய்யா சொல்லுது?" என்றார் பெரிய டீச்சர். என் பக்கம் திரும்பி, "நீங்கதானே போய் வாங்கிட்டு வந்தீங்க?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "இன்னா டீச்சர், நான் வேணாம்னு சொல்லல?"

வேலை போகும், போலீஸ் வரும், ராயபுரத்தில் என் அப்பா கோயிலுக்குக்கூடத் தலை நிமிர்ந்து போக முடியாது, எல்லாம் ஒரே நொடியில் வந்து போனது. "முதல்ல வேணாம்னு சொன்னீங்க. அப்புறம் கூடை தூக்கறப்போ வச்சீங்க" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை 'நீங்க' என்று சொன்னேன்.

அவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அவர் புருஷன் மெதுவாக, "வெச்சியா?" என்று கேட்டார். அவர் மறுபடியும் விரலைத்தான் பார்த்தார். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த மனுஷன் பெண்டாட்டியிடம் பேசவில்லை என்று குப்பத்துப் பெண்கள் சொன்னார்கள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரு வார்த்தை கிடையாது.

ஆறு மாசம் கழித்து மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார். "வெச்சித்தான் இருப்பேன் டீச்சர். பால் பவுடருக்கு வெச்சேன், கார்டுக்கு வெச்சேன், எவன் எத நீட்டினாலும் வெக்கிறவதானே நான். அன்னிக்கும் வெச்சிருப்பேன். நானேதான் அனுப்பி வெச்சிருக்கேன்" என்றார். கண்ணில் தண்ணி இல்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சங்கரா மீன் கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதைச் சமைக்கவில்லை, கொட்டிவிட்டேன்.

அந்த ஜூனில் என்னை நிரந்தரமாக்கினார்கள். கோப்பை எதுவும் வரவில்லை.

நாலு வருஷம் ஆனது. அந்தப் பெண்ணின் தங்கையும் எங்கள் பள்ளியிலேயே ஐந்தாவது முடித்திருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் அறையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நெட்டுக்குப்பத்தில் தன் அம்மா வீட்டோடு போய்விடப் போகிறாராம், சின்னவளுக்கு டி.சி. வேண்டுமாம். குமாஸ்தா பேடை நகர்த்தினார். அவர் விரலை வைத்தார். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது.

"கையத் தொடச்சிட்டு வையும்மா" என்றார் குமாஸ்தா.

முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். திட்டு. குமாஸ்தாவே அவர் விரலைப் பிடித்து அழுத்தி எடுத்தார். அதுவும் திட்டுதான். "உங்க ஆளுங்க கையில கோடே விழறதில்லம்மா" என்று சலித்துக்கொண்டு, அது போதும் என்று சீல் குத்தினார்.

அந்த அம்மா மூணு திட்டையும் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். நான் கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

"நாலு வருசம் டீச்சர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. டி.சி.யை மடித்து இடுப்பில் செருகினார், சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படி இறங்கிப் போனார்.

"என்ன டீச்சர், என்னவோ நாலு வருஷம்ன்றாங்க?" என்று கேட்டார் குமாஸ்தா.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.