அக்டோபர் நகல்

மலையூரான சாரிபெல்லின் காசநோய் மருத்துவமனையில் சைராகுலுக்கு வைத்திருந்த பெயர் பூட்டு. அங்குள்ள கணினிகளைக் காப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அவள் அதிகம் சொன்ன சொல் ‘வேண்டாம்’. தெரியாதவர் அனுப்பியதைத் திறக்க வேண்டாம், பென்டிரைவைச் செருக வேண்டாம், கடவுச்சொல்லைக் காலண்டரில் எழுத வேண்டாம். நோயாளிகளின் காகிதப் பதிவேட்டை நிறுத்தச் செய்ததும் அவள்தான். இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டு விதமாகத் தப்பு வரும் என்றாள்.

பதிவுக் குமாஸ்தா புருலாய் மட்டும் அவளுக்கு அடங்குவதில்லை.

“ஏ பூட்டு, என் பேத்தி போட்டோவப் பாக்கவும் உங்கிட்ட சாவி வாங்கணுமா?”

“வீட்டுல போய்ப் பாருங்கக்கா.”

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, சைராகுலின் சித்தி மகன் எண்ணிலிருந்து வாட்ஸப்பில் கல்யாண அழைப்பு வந்தது. மறுநாள் அவன் வீட்டில் விருந்து என்பது ஊருக்கே தெரியும். அனுப்பிய அழைப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சொந்தத்தில் பேச்சு எழுந்தால் வருஷக்கணக்கில் ஓயாது. போனில் அது திறக்க மறுத்தது. தன் மேசைக் கணினியில் திறந்தாள். பூவும் மணமக்கள் பெயரும் வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

வெள்ளிதோறும் எல்லாப் பதிவுகளையும் ஒரு டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். விருந்து வீட்டில் பூர்சோக் என்னும் மாவுத் துண்டுகளைப் பொரிக்கச் சொந்தக்காரப் பெண்கள் மதியமே கூடியாக வேண்டும். அந்த வெள்ளி மட்டும் நகலை ஓடவிட்டு, டிஸ்கைக் கழற்றாமல் போய்விட்டாள்.

திங்கள் காலை எல்லாத் திரைகளிலும் ஒரே கடிதம். உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் வேண்டும். சைராகுல் அறை அறையாக ஓடி வயர்களைப் பிடுங்கினாள். செருகியபடி விட்ட டிஸ்கும் பூட்டப்பட்டிருந்தது.

தலைமை மருத்துவர் எர்மெக் நேரே புருலாயிடம் போனார். “எதத் திறந்த? மறுபடியும் ஜாதகமா, சமையல் வீடியோவா?”

“நான் ஒண்ணுமே தொடல டாக்டர். வேணும்னா பூட்டையே கேளுங்க.”

எல்லாரும் சைராகுலைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அன்று மாலையே புருலாயைச் சலவைக்கு மாற்றினார்கள்.

“நகல் இருக்கா?” என்றார் எர்மெக்.

“இருக்கு.”

இருந்தது. அவள் வீட்டில் மெத்தைகள் அடுக்கிய பெட்டியின் அடியில் இன்னொரு டிஸ்க், அக்டோபரில் எடுத்தது. எப்போது எடுத்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் போன வார நகல் என்ன ஆயிற்று என்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் அழைப்பு இருந்தது. “கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், சரிபாத்துக்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கணினிகளில் இருந்ததையெல்லாம் அழித்து, அந்த நகலைப் புதிதாக ஏற்றினாள். புதன் மதியம் மருந்துப் பட்டியல் அச்சானது. எர்மெக் அவள் தோளைத் தட்டினார். கணவாயைப் பனி அடைப்பதற்குள் போய்விட வேண்டுமென்று, அந்தப் பட்டியல்படி மருந்துகளை ஏற்றிக்கொண்டு வண்டி குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளம்பியது.

வெள்ளியன்று புருலாய் விரிப்புகள் எடுக்க வந்தாள். மேசைமேல் கிடந்த பட்டியலை ஒரு பார்வை பார்த்தாள்.

“அசன்குல் பெரியவருக்கு ஏன் ஊசி போட்டிருக்கு? அந்த ஊசியால காதுல விசிலடிக்குதுன்னு டிசம்பர்லயே நிறுத்தினாங்களே. நான்தானே அதக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.”

ஊசியை நிறுத்திய மருத்துவர் தலைநகருக்கு மாற்றலாகியிருந்தார். மேய்ச்சல் நிலத்தில் போன் எடுக்காது. சைராகுல் எர்மெக்கிடம் ஓடி, அது அக்டோபர் நகல் என்றாள். புது டிஸ்க் கெட்டுப்போயிற்று என்றாள். அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டி மருந்துகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தது, கணவாயும் அடைத்துவிட்டது. பத்தொன்பது நாள் திறக்கவில்லை. அத்தனை நாளும், மருத்துவமனைத் தாளில் இருந்தபடி, அசன்குலின் மருமகள் தவறாமல் ஊசி போட்டாள்.

வழி திறந்ததும் அவரை இறக்கிக் கொண்டுவந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவர். ஓநாய் வருவதை நாய்க்கு முன்னால் கேட்பார் என்பார்கள். இடது காது முழுக்கப் போயிருந்தது, வலது முக்கால்வாசி. தாழ்வாரத்துப் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“காதுக்குள்ள பனிய அமுக்கி வச்ச மாதிரி இருக்கும்மா” என்றார் உரக்க. “மருந்த யாரு மாத்தினது? திட்ட மாட்டேன். தெரிஞ்சுக்கணும்.”

சைராகுல் அருகில் உட்கார்ந்து சொன்னாள். அவர் அவள் உதடுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்கவில்லை. அவள் ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவர் சட்டைப் பையைத் தடவினார்.

“கண்ணாடி மேல மேய்ச்சல்லயே கிடக்கு.”

விரிப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்த புருலாயிடம் தாளை நீட்டினார். “நீ படிம்மா.”

புருலாய் முதலில் தனக்குள் படித்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

“படிக்கட்டுமா?”

சைராகுல் தலையசைத்தாள்.

புருலாய் அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினாள். “சைராகுல் எழுதியிருக்கா. கல்யாண அழைப்பத் திறந்தது நான். டிஸ்கக் கழட்டாமப் போனது நான். அது அக்டோபர் நகல்னு சொல்லாம விட்டதும் நான்.”

வரிசையாகக் கதவுகள் திறந்தன. எர்மெக் மருத்துவர் வெளியே வந்து நின்றார்.

அசன்குல் தலையைச் சாய்த்துக் காதின்மேல் கையைக் குவித்தார்.

“பாதிதான் கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லு.”

புருலாய் தாளை நீட்டிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.