மல் கெதரவும் ஒரு புள்ளியும்

போன திங்கட்கிழமை காலை என் தங்கையின் கணவர் காலமானார்.

பதற வேண்டாம். மஹய்யாவவில் அவர் வீட்டு வாசலில் தொங்கிய போர்ட் அப்படித்தான் சொன்னது. மனிதர் உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

தங்கை தவமணி துணியில் பூச் செய்கிறாள். சாட்டின் துணியை இதழ் இதழாக வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டினால் அது சுருண்டு நிஜ இதழாகிவிடும். கொஞ்சம் கூடினால் கரி. இப்போது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ரோஜாவும் லில்லியும். கதிரைகளிலும் அதேதான். குடும்பமே தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறது.

பல வருடம் கார்மண்டில் அடுத்தவர் சட்டைக்குக் காலர் தைத்தவள், அதை விட்டுவிட்டு இதில் இறங்கினாள். கணவர் செல்வராஜும் பெரிய மனதோடு அவகாசம் கொடுத்தார்.

"புதுவருசத்துக்குள்ள ஒரு ஓடராச்சும் வரணும். இல்லாட்டி மேசை எனக்கு, கார்மண்ட் ஒனக்கு!"

என்னவொரு நியாயமான பாகப்பிரிவினை!

ஓடர் வர வேண்டுமென்றால் போர்ட் வேண்டும். சிங்களவர்களும் வாசிக்க வேண்டாமா? 'மல் கெதர' என்று தவமணியே பெயர் வைத்தாள். சிங்களத்தில் மல் என்றால் பூ, கெதர என்றால் வீடு. பூ வீடு. நல்ல பெயர்தான்.

எழுதியது செல்வராஜ்.

"யாரையாவது ஒருக்கா கேட்டுட்டு எழுதுங்க" என்றேன். ஒரு முறையல்ல, இரண்டு முறை.

"எனக்கா சிங்களம் தெரியாது? ஒபிஸ்ல நாள் முழுக்க சிங்களத்துலதானே பேசுறேன் அக்கா!"

பேசுவது வேறு, எழுதுவது வேறு. நாம் 'ல்' மேல் புள்ளி வைப்பதுபோல அவர்களும் ஒரு குறி வைப்பார்கள். அதை விட்டுவிட்டார். அதோடு நின்றாரா? பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 'ல'வை 'ள' ஆக்கினார். மல், 'மள' ஆனது. மள என்றால் செத்த. மளகெதர என்றால்... சாவு வீடு!

எதிர் வீட்டுக்காரி என்பதால் மிச்சத்தை வாசலில் நின்றே பார்த்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. துக்க வீட்டு வழக்கப்படி வெள்ளை உடுத்தி, கையில் சீனியும் பிஸ்கட்டும். தவமணியைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதார். செத்தது யாரென்று தவமணிக்குத் தெரியாது. ஆனாலும் மரியாதைக்குக் கூடவே அழுதாள். அந்த நேரம் பார்த்து, வாய் நிறைய நுரையோடு செல்வராஜ் வெளியே வந்தார்.

"அனே... மாத்தயா!"

'ஐயோ, ஐயா' என்று சிங்களத்தில் கூவிய அந்தக் குரலில் சந்தோசத்தை விடக் கொஞ்சம் ஏமாற்றம்தான் அதிகம்.

போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மாதான் வாசித்துக் காட்டினார். த்ரீவீல்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்தார்கள். பிறகு ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவர் டவுனில் மலர்ச்சாலை நடத்துபவர். தெரியும்தானே — நம் நாட்டில் மலர்ச்சாலை என்றால் சவப்பெட்டி விற்கும் இடம்.

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியேம்மா. பாடி எங்க?"

"பாடியா? அந்தா, தேத்தண்ணி குடிக்குது" என்றாள் தவமணி, கடுப்போடு.

அவர் சிரிக்கவில்லை. தொழில் அப்படி. அவர் கண் மேசைக்குப் போனது. ஒரு வெள்ளை லில்லியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாடாதா?"

"கழுவிக்கூட வைக்கலாம் அண்ணே."

"நெசப் பூ ரெண்டாம் நாளே தலையத் தொங்கப் போட்டுருது. பெட்டியச் சுத்தி வைக்க வெள்ளையில செஞ்சு தருவீங்களா? ஒவ்வொரு பெட்டியோடயும் ஒரு செட் போகணும். மாசாமாசம் வேணும்."

கல்யாண வீடுகளை நம்பி உட்கார்ந்திருந்தவளுக்கு, மாதம் தவறாத ஓடர் எங்கிருந்து வந்தது பார்த்தீர்களா? யோசித்தால் நியாயம்தான். கல்யாணத்தை மக்கள் தள்ளிப்போடுவார்கள். மற்றதை யாரால் முடியும்? சவப்பெட்டி விற்கும் இடத்துக்கு மலர்ச்சாலை என்று பெயர் வைத்த நாட்டில், பூச் செய்யும் வீட்டுக்குச் சாவு வீடு என்று பெயர் இருந்தால்தான் என்ன குறை?

அன்று மாலை, குறியைப் போட்டு, 'ள'வையும் திருத்திவிடலாம் என்று செல்வராஜ் பெயின்ட்டும் பிரஷுமாக வாசலுக்கு வந்தார். தவமணி மெழுகுவர்த்தியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"அதுல கைய வச்சீங்க... போர்ட்ல உள்ளது நெசமாயிரும்!"

போர்ட் அப்படியே இருக்கிறது. செல்வராஜும் இருக்கிறார் — மடியில் தட்டோடு.